‘ஆக்டகன்’ சொல்கிறான், ‘அம்மா’ சொல்வதில்லை

ஏற்காடு மலையில் ஒரு காபித் தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து இருபத்தேழு வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர், தோட்டம், பிள்ளையின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆறு பக்கக் கடிதம். சுருக்கம் இது.

கணவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். மகனுக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம். ஒன்றரை வயதில் ‘தாத்தா’, ‘அம்மா’, ‘வா’ என்று நாலைந்து சொல் சொல்லிக்கொண்டிருந்தவன். மாமனார் தவறிய மாதத்தோடு எல்லாம் நின்றுபோனது. இப்போது ஃபோனில் பாட்டுப் பார்த்து ஏ முதல் இசட் வரை சொல்கிறான், இருபது வரை எண்ணுகிறான், ‘ட்ரையாங்கிள்’, ‘ஆக்டகன்’ என்று முக்கோணம், எண்கோணம் எல்லாம் தெளிவாக வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின் மேல் வைக்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துக்கு இரண்டு தடவை திரும்புகிறான். “ஆனா எல்லாம் புரியுதுங்க மேடம், காதும் நல்லாக் கேக்குது” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

ஆளுக்கொரு யோசனை. “இவங்கப்பனும் நாலு வயசுலதான் வாய் தொறந்தான்” என்கிறார் அப்பாயி. நாக்கில் தினமும் வசம்பு உரைத்துத் தடவுகிறார். ஒரு கிளினிக்கில் “நாக்கு ஒட்டியிருக்கு, கீறி விட்டா பேசிடுவான்” என்றார்களாம். வீட்டில் தமிழ், தாயின் பிறந்த வீட்டில் தெலுங்கு; “ரெண்டு பாஷை குழப்புது, இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பேச ஆரம்பிச்சதும் கூட்டி வாங்க” என்று ப்ளே ஸ்கூல் திருப்பி அனுப்பிவிட்டது. சேலத்தில் ஒரு சென்டர் மூன்று மாத ‘பேக்கேஜ்’ 75,000 ரூபாய், முன்பணமாகக் கட்டினால் பேச்சுக்கு உத்தரவாதம் என்கிறது. நகையை அடகு வைத்துவிட்டு, பிள்ளையோடு சேலத்தில் அம்மா வீட்டுக்கே இறங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி. “மூணு மாசத்துல பேசிடுவான்னா மூணு வருஷம் கூட அவரப் பிரிஞ்சு இருப்பேன்” என்று முடிகிறது கடிதம். அதற்குக் கீழே, வேறு பேனாவில், இன்னொரு வரி: “மாற்றுத்திறனாளி கார்டு வாங்கினா அது ஆயுசுக்கும் முத்திரையா ஆயிடுமா?”

உங்களைவிட எனக்கு இருபது வயது கூட இருக்கும். தங்கச்சி என்றே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

நகையை அடகு வைக்காதீர்கள். இப்போதைக்கு மலையை விட்டு இறங்கிக் குடியேறவும் வேண்டாம். ஆனால் இந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று தடவை சேலம் வந்து போக வேண்டியிருக்கும். காபி எடுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று அதைத் தள்ளிப் போடக் கூடாது. நான் மருத்துவர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட். பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் அவனுக்கு இன்னது என்று பெயர் வைக்க மாட்டேன். வேறு யாராவது ஃபோனிலேயே பெயர் வைத்தால் அதையும் நம்பாதீர்கள்.

நாக்கில் குறை இல்லை

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். ‘ட்ரையாங்கிள்’ என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேலே போகிறது, உருள்கிறது, பின்நாக்கு அண்ணத்தில் முட்டுகிறது, கடைசியில் மறுபடி மேலே ஏறுகிறது. இத்தனையும் செய்கிற நாக்கைக் கீறி என்ன ஆகப் போகிறது? நாக்கின் அடியில் சவ்வு ஒட்டியிருந்தால் சில பிள்ளைகளுக்குப் பால் குடிக்கச் சிரமம் வரும், சில ஒலிகள் பிசகும். பேச்சே வராமல் போகாது.

வசம்பும் அப்படித்தான். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பேர். என் நாக்கிலும் என் அம்மா தடவியிருக்கிறார், அப்பாயியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. உள்ளே போனால் பிள்ளைக்கு வாந்தி எடுக்கும். தினமும் தடவுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு வார்த்தை வருகிறது, தங்கச்சி. வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னொரு ஆளிடம் என்ன செய்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ‘ஆக்டகன்’ என்று அவன் சொல்லும்போது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஃபோன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். ‘தா’ என்று ஒரே எழுத்துச் சொன்னால் எதிரே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கொடுக்க வேண்டும். ஆங்கில எழுத்து இருபத்தாறையும் விட அந்த ஒரு எழுத்து எனக்குப் பெரிது. நிறமும் வடிவமும் சொல்கிற மூன்று வயதுப் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். பெற்றவர்களும் அதைத்தான் முதலில் சொல்லச் சொல்லிக் காட்டுவார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மனசு கொஞ்சம் கலங்கும்.

குடத்துக்கு உங்கள் கையை இழுத்துப் போகிறானே, அப்போது ஒன்று கவனியுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, கையை மட்டும் பார்க்கிறானா? வானத்தில் ஏதாவது போனால் விரலை நீட்டி, ‘பாத்தியா?’ என்பது போல உங்கள் பக்கம் திரும்புகிறானா? இந்த இரண்டுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரும் முதலில் கேட்பது இதைத்தான்.

‘எல்லாம் புரியுது’

பாதி புரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பையோடு வாசலில் நின்று “செருப்பு எடுத்துட்டு வாடா கண்ணு” என்றால் கொண்டு வந்துவிடுவான். பை, வாசல், உங்கள் கண் போகும் திசை எல்லாமே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. அதையே ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும்போது, கையை நீட்டாமல், செருப்பிருக்கும் பக்கம் பார்க்காமல், சும்மா ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாலு நாள், நாலு பொருள். பெரும்பாலான தாய்மார்கள் மறுவாரம் வரும்போது குரல் தணிந்து வருவார்கள். வருத்தப்பட அதில் ஒன்றும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அதில்தான் தெரியும்.

‘தாத்தா’ நின்றுபோனது

இதை எழுதும்போது உங்களுக்கு அழுகை வந்திருக்கும் என்று கையெழுத்திலேயே தெரிகிறது. பேரனும் தாத்தாவும் தோட்டத்துப் பாதையில் நடந்த கதையை ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தாத்தா போன துக்கத்தில் பிள்ளை வாயடைத்துவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறீர்கள். அதை உங்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் தப்பு.

ஒன்றரை வயதுப் பிள்ளை துக்கத்தில் கொஞ்ச நாள் தூங்காது, சிணுங்கும், சோறு தள்ளும். சொன்ன சொல் எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேலாகத் திரும்பாமல் இருப்பதற்குத் துக்கம் காரணமாக இருக்காது. ஒன்றேகாலிலிருந்து இரண்டு வயதுக்குள், வந்த சொற்கள் மறைந்து, கூப்பிட்டால் திரும்புவதும் குறைந்தால், ஆட்டிசமாக (மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி அமைகிற வளர்ச்சி நிலை) இருக்குமா என்று குழந்தைகள் வளர்ச்சி மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். காது மங்கியிருக்கிறதா என்பதும், மிக அபூர்வமாக வலிப்பு சம்பந்தமான காரணமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆட்டிசம்தான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் இருக்கக் கூடாத நிலை என்று சொல்கிறேன். மாமனார் போனதும் பேச்சு நின்றதும் ஒரே மாதத்தில் வந்ததால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டுக்கொள்வோம்.

அப்பன் நாலு வயதில் பேசினான் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருந்தால் அது ஆறுதலுக்கான செய்தி இல்லை. இந்தப் பிள்ளையைச் சீக்கிரம் பார்க்கச் சொல்கிற செய்தி. தானாகப் பேசிவிட்ட பிள்ளைகளை ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பேசாமலே வளர்ந்தவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்; அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

முதலில் காது

காது நன்றாகக் கேட்கிறது என்பதற்கு உங்கள் ஆதாரம், பக்கத்து அறையில் ஃபோன் பாட்டுக் கேட்டதும் ஓடி வருகிறான் என்பது. பாட்டில் தாளம் இருக்கிறது, தடித்த ஓசை இருக்கிறது. ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற ஒலிகள் மெலிந்தவை, நொடியில் கடந்து போகிறவை. மேளச் சத்தம் கேட்கிற காதுக்கு இவை கேட்காமல் போவது உண்டு. போதாததற்கு உங்கள் மலைக் குளிர். ஓயாத சளி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து, செவிப்பறைக்கு உள்பக்கம் நீர் கோத்துக்கொண்டால், தலைமேல் போர்வை போர்த்திக்கொண்டு கேட்கிற மாதிரிதான் அவனுக்குக் கேட்கும். அதுவும் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மங்கும். வீட்டில் தட்டைத் தட்டி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே முதல் பயணம் காதுக்கு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். உள்காதின் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ., செவிப்பறை அசைகிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, பிள்ளை தூங்கும்போது நரம்பு வழியாக ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா. இந்த மூன்று பரிசோதனைகளின் பேரையும் எழுதி எடுத்துப் போங்கள். எதுவும் வலிக்காது. குறை இருந்தாலும் நடுங்க வேண்டாம். நீர் என்றால் மருந்திலோ சிறு அறுவையிலோ சரியாகும். நரம்பு சார்ந்தது என்றால் காது கேட்கும் கருவி. அதுவும் போதாத பிள்ளைகளுக்கு, ஆறு வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் கருவி பதிக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை வரை உண்டு. வயது வரம்பு இருப்பதால்தான் தள்ளிப் போடாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது பயணம் குழந்தைகள் பிரிவுக்கு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். அதற்கென மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையம் உண்டு, ஆஸ்பத்திரியில் ‘டி.இ.ஐ.சி. எங்கே’ என்று கேட்டால் சொல்வார்கள். சொல் மறைந்தது, கூப்பிட்டால் திரும்பாதது, கையை இழுப்பது ஆகிய மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘பேச்சு லேட்’ என்று மட்டும் சொன்னால், கூட்டம் அதிகமுள்ள நாளில், “பையன்தானே, பேசிடுவான்” என்று அனுப்பிவிடவும் கூடும்.

எழுபத்தைந்தாயிரம் ரூபாய்

பேச்சுக்கு உத்தரவாதம் கொடுக்கிற இடத்தில் என் பிள்ளையை நான் விட மாட்டேன். இந்தத் தொழிலில் அப்படி ஒரு உத்தரவாதம் யாராலும் கொடுக்க முடியாது. அந்த ஒரு சொல்லே போதும், திரும்பி வந்துவிடுங்கள். தெரபிஸ்ட் என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் படித்தவர்களும் இல்லை. இந்த வேலை செய்ய 1992ஆம் ஆண்டு சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் நடத்துவது குற்றம். பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது எம்.ஏ.எஸ்.எல்.பி. படிப்பு, கவுன்சிலின் சி.ஆர்.ஆர். என்ற பதிவு எண் இரண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள். என்னிடம் வந்தாலும் கேளுங்கள், சுவரில்தான் மாட்டியிருக்கிறேன்.

“மெழுகுவத்தி ஊத வைப்போம், விசில் அடிக்க வைப்போம், நாக்குக்கு எக்சர்சைஸ்” என்று அவர்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். ஊதினால் ஊத வரும். பேச்சு வராது. நாக்குப் பயிற்சிகள் பிள்ளைக்கு மொழியைக் கொண்டுவந்ததாக எங்கள் துறையில் நிரூபணம் இல்லை; அதுவும் ‘ஆக்டகன்’ சொல்கிற பிள்ளைக்கு! எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் இன்னொன்று: உங்களை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தியது. நல்ல தெரபிஸ்ட் தரையில் உட்காருவார், உங்களையும் பக்கத்தில் உட்கார வைப்பார், அடுத்த மூன்று மாதத்தில் எதை எட்டப் பார்க்கிறோம் என்று எழுதித் தருவார், வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து காட்டுவார், நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துவார். பணம் அன்றன்றைக்கு, ரசீதோடு.

மலையிறங்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் இதுவேதான். ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் குடியிருப்பிலிருந்து ஏற்காடு, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம், சேலம், அப்புறம் டவுன் பஸ். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு வந்து சேரும்போது பிள்ளை ஒன்று வாந்தி எடுத்திருக்கும், இல்லை தூங்கி வழியும். சேலத்திலேயே தங்கினாலும் ஒரு நாளில் முக்கால் மணி நேரம்தான். விழித்திருக்கிற மீதி நேரமெல்லாம் அவன் உங்களிடம்தான் இருப்பான். அங்கே அப்பா இல்லை, அப்பாயி இல்லை, களம் இல்லை, ஓடுவதற்கு இடம் இல்லை. அம்மா வீட்டு முன்னறையில் ஒரு டிவி. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நேரில், நடுவில் ஃபோனில் வீடியோ. ஆரம்பத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம். டவர் கிடைக்காவிட்டால் இரண்டு நிமிடம் படம் பிடித்து, கிடைக்கும்போது அனுப்புங்கள். ஒருவேளை ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்தால் பயிற்சி நேரம் கூட வேண்டும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் சேரும். அப்போது தங்குவது பற்றி மறுபடி யோசிக்கலாம். அப்போதும் தனியாக முடிவெடுக்காதீர்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வீட்டில் என்ன செய்வது

முதலில் வீட்டிலிருந்து ஒரு சொல்லை ஒழித்துக்கட்டுங்கள்: ‘சொல்லு’. “அம்மா சொல்லு, ஆட்டுக்குட்டி சொல்லு, மாமாவுக்கு ஏ பி சி டி சொல்லிக் காமி.” நாள் முழுக்கப் பரீட்சை வைத்தால் யாருக்குத்தான் பேசப் பிடிக்கும்? ‘இது என்ன? இது என்ன?’ என்ற கேள்வியும் அதே ரகம்தான். “சொன்னாத்தான் தண்ணி” என்று மறித்து வைப்பது அதைவிட மோசம். பிள்ளை கத்தக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பொருள்களின் பெயரை விடுங்கள், வினைச்சொல்லைப் பிடியுங்கள். தமிழ் இதில் நமக்குக் கொடுத்து வைத்த மொழி. வா, போ, தா, எடு, கொட்டு, ஊது, திற. ஒரு அசை, இரண்டு அசை, சொன்னதும் ஏதோ ஒன்று நடந்துவிடும். ஃபோன் பெயர்களை மட்டும்தான் கற்றுக்கொடுக்கிறது, அதற்கு எதையும் எடுத்துத் தரக் கை இல்லையே. உங்கள் களத்தில் காபிக்கொட்டை காய்கிறது. ஒரு டம்ளர், ஒரு சட்டி. அவனுக்கு எதிரே, அவன் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். டம்ளரில் அள்ளி, “கொட்டு” என்று சொல்லிச் சட்டியில் கொட்டுங்கள். மறுபடி அள்ளி, “கொட்டு”. ஐந்தாம் தடவை டம்ளரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிறுத்துங்கள். பேசாதீர்கள். முகத்தில் ஆவலை வைத்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்துதான் கஷ்டம். நம்மால் மூன்றுக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அதற்குள் அவன் உங்களைப் பார்த்தாலோ, கையை அசைத்தாலோ, ‘ம்’ என்றாலோ கேட்டுவிட்டான் என்று அர்த்தம், உடனே “கொட்டு!” என்று கொட்டிவிடுங்கள்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் பையனுக்கு இதையே சலங்கை முத்துகளை வைத்துச் செய்தார். பித்தளைக் கிண்ணத்தில் விழும்போது கலகலவென்று சத்தம் வரும். ஆறு வாரம் ஒன்றும் இல்லை. “வேலை கெடுது மேடம்” என்று சலித்துக்கொண்டார். ஏழாவது வாரம் கையைச் சாய்த்து நிறுத்தியபோது பையன் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “ட்டு” என்றான். அந்தத் தாடையைத் திருப்பியது இருக்கிறதே, ‘ட்டு’வை விட எனக்கு அதுதான் சந்தோஷம். அப்பனாருக்கு ‘ட்டு’தான்.

குளிக்கும்போது ‘ஊத்து’, கதவருகில் ‘திற’, பாதி வாழைப்பழம் கொடுத்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இன்னும்’. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி, நண்டூருது நரியூருது என்று கை மேலே ஏறி, அக்குளுக்கு முன்னால் நிறுத்தும் விளையாட்டை அப்பாயியிடம் கேளுங்கள். வசம்புக்குப் பதில் அந்த வேலையை அவருக்குக் கொடுங்கள். கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கு முன்னால் நிறுத்துகிற அந்த நொடி, நாங்கள் படித்துவிட்டு வந்து செய்கிற பயிற்சியேதான். மம்மு, இங்கா, தாச்சி மாதிரியான மழலைச் சொற்களுக்கும் வெட்கப்பட வேண்டாம். உதட்டில் எளிதாக உருள்வதால்தான் அவை தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவன் ‘ண்ணி’ என்றால், “ஆமா, தண்ணி! தண்ணி தா!” என்று முழுசாக்கித் திருப்பிக் கொடுங்கள்; தப்பு என்று திருத்தாதீர்கள். கையால் ‘தா’ என்று காட்டவும் கற்றுக்கொடுக்கலாம், படம் காட்டிக் கேட்கவும் பழக்கலாம். சைகை பழகினால் பேச்சு வராது என்பது வெறும் பயம். சைகை பேச்சுக்கு வழிதான் விடும்.

ஃபோனால்தான் இப்படி ஆனது என்று உங்களை நீங்களே அறைந்துகொள்ள வேண்டாம். ஆனால் நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து மணி நேரம்தான் எனக்கு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த வயதுக்குச் சொன்னது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது. சோற்று நேரத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளை அதிகம் ‘கேட்க’ வேண்டிய நேரம் அதுதான். ஃபோனைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தால் கேட்க வேண்டிய அவசியமே வராது. முதல் நாலு நாள் வீடு ரணகளமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலீஷ் மட்டும்?

வேண்டவே வேண்டாம். அம்மாபேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வீட்டுக்குள் சௌராஷ்டிரம், கன்னடம், தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ் என்று எத்தனை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்கின்றன. அதனால் யாருக்கும் பேச்சு தாமதமானதில்லை. உங்களுக்குத் தாலாட்டவும் திட்டவும் கொஞ்சவும் எந்த மொழி தானாக வருகிறதோ அதைப் பேசுங்கள். தடுமாறிப் பேசுகிற இங்கிலீஷில் நீங்கள் வீட்டில் பாதிப் பேச்சைக் குறைத்துக்கொள்வீர்கள். அவனுக்கு நஷ்டம் அங்கேதான். அம்மாயி தெலுங்கிலேயே பேசட்டும்.

பள்ளிக்கூடம், கார்டு

அந்த ப்ளே ஸ்கூலோடு சண்டைக்குப் போக வேண்டாம். பக்கத்து அங்கன்வாடியில் நாளைக்கே சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள், பாட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு எல்லாம் தமிழில், காசில்லாமல் கிடைக்கும். இன்னொரு லாபம், முன்பு சொன்ன திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை வர வேண்டும். டீச்சரிடம் தேதி கேட்டு வையுங்கள். ஏற்காடு ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் உண்டு. அவர்களிடமும் பேரைப் பதிந்து வையுங்கள். பெரிய பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் யாராவது ‘பேசாத பிள்ளை வேண்டாம்’ என்றால், அரசு அங்கீகாரம் உள்ள எந்தப் பள்ளியும் அப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இருக்கிறது.

கார்டு பற்றி. நோய் என்ன என்று மருத்துவர் சொல்வது வேறு, அதற்குச் சான்று வாங்குவது வேறு. முதலாவது கட்டாயம், இரண்டாவது உங்கள் விருப்பம், அதுவும் இப்போதே வேண்டியதில்லை. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் 21 ஆனபோதுதான் ஆட்டிசமும் பேச்சு மொழிக் குறைபாடும் உள்ளே வந்தன. அதற்காக எத்தனையோ பெற்றோர் அலைந்திருக்கிறார்கள். பிள்ளை முன்னேறினால் மறுமதிப்பீடு உண்டு. சின்ன வயதில் கொடுக்கும் சான்றே பெரும்பாலும் தற்காலிகமானது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஆட்டிசம் என்றால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் வரை தெரபிச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். நீங்கள் அடகு வைக்கப் பார்த்த நகையை விட அது கனமானது. ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றால் நீங்கள் சொல்லாதவரை கார்டு உங்கள் பெட்டியில்தான் இருக்கும்.

சேலத்தில் சொன்னது தெளிவாக இல்லை என்றால் இரண்டாம் கருத்துக்கு மைசூரில் 1965இலிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம்.

பெரா பரிசோதனைக்குத் தேதி கிடைத்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள். அது பிள்ளை ஆழ்ந்து தூங்கும்போதுதான் எடுக்க முடியும். முந்தின நாள் ராத்திரி அவனை நேரம் கழித்துத் தூங்க வையுங்கள், விடியற்காலையில் எழுப்பிவிடுங்கள். பஸ் வளைவு வளைவாக இறங்கும்போது எந்தப் பிள்ளையும் மடியில் சாய்ந்துவிடும். அன்றைக்கு மட்டும் அடிவாரம் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை அவனைத் தூங்க விடாதீர்கள். ஜன்னலோரம் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவும் வரும்போது “வருது… வருது…” என்று நிறுத்தி, திரும்பியதும் “வந்துருச்சு!” என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். இருபது வளைவு இருக்கிறது.